கோவ்ஜியான் காத்திருந்த 22 ஆண்டுகள்: அந்தப் பொறுமை யாருடையது?

நெய்தல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

பண்டைச் சீன வரலாற்றில் விடாமுயற்சிக்கும் பொறுமைக்கும் சான்று கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர் யுவே நாட்டு மன்னன் கோவ்ஜியான். எதிரியிடம் தோற்றான், அவனிடமே பணியாளாக இருந்தான், நாடு திரும்பிய பின் இருக்கைக்கு அருகே பித்தப்பையைத் தொங்கவிட்டு, உண்ணும்போதெல்லாம் அதன் கசப்பை நாவில் தொட்டுக்கொண்டு பழைய அவமானத்தை மறவாமல் இருந்தான், இறுதியில் வென்றான். கதை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, மூல நூல்கள் சொல்லும் எஞ்சிய பகுதியை நினைவூட்டவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கி.மு. 496இல் யுவே மீது படையெடுத்த வூ நாட்டு மன்னன் ஹெலூ, அப்போரில் பட்ட காயத்தால் இறந்தான். அவனுடைய மகன் ஃபுச்சாய் பழிவாங்கப் படை திரட்டுகிறான் என்று கேள்விப்பட்ட கோவ்ஜியான், அமைச்சர் ஃபான் லி தடுத்தும் கேளாமல் கி.மு. 494இல் தானே முந்திக்கொண்டு தாக்கி, படுதோல்வி அடைந்தான். எஞ்சிய 5,000 வீரர்களோடு, இன்றைய ஜெஜியாங் மாகாணத்து ஷாவ்ஷிங் நகரை ஒட்டிய குவைஜி மலையில் முற்றுகைக்கு உள்ளானான். பொறுமையின் உருவமாக நாம் போற்றுகிறவனின் கதை அவசரத்தில் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மனைவி மக்களைக் கொன்று, செல்வத்தை எரித்து, போரிட்டுச் சாகலாம் என்று அவன் அங்கே எண்ணியபோது, மற்றோர் அமைச்சரான வென் ஜொங்தான் அவனைத் தடுத்து, வூ நாட்டின் பேராசை பிடித்த அமைச்சன் போ பி என்பவனுக்குக் கையூட்டுக் கொடுத்துச் சமாதானம் வாங்கித் தந்தார்.

பித்தப்பைச் செய்தி ஷீஜி என்னும் வரலாற்று நூலில் உள்ளது. ஆனால் குவோ யூ என்னும் அதைவிடப் பழைய தொகுப்பு கசப்பைப் பற்றிப் பேசவில்லை. ஆட்சியைப் பற்றிப் பேசுகிறது. தோல்விக்குப் பின் நாட்டின் முதல் குறை ஆள்பலமே என்பதால், பதினேழு வயதாகியும் பெண்ணுக்கு மணம் முடிக்காத பெற்றோர் தண்டிக்கப்பட்டனர். ஆண் குழந்தை பிறந்தால் இரண்டு குடம் மதுவும் ஒரு நாயும், பெண் குழந்தை பிறந்தால் இரண்டு குடம் மதுவும் ஒரு பன்றியும் அரசு கொடுத்தது. ஒரே பேற்றில் மூன்று குழந்தைகள் பிறந்தால் செவிலித்தாய் ஒருத்தியை அரசே அமர்த்தியது. பத்தாண்டுகளுக்கு வரி தண்டப்படவில்லை. குடிமக்களின் வீடுகளில் மூன்றாண்டு உணவு சேர்ந்தது. மன்னன் படகில் அரிசியும் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, எதிர்ப்பட்ட இளைஞர்களுக்கு உணவளித்து, ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு அறிந்தான். வரித் தள்ளுபடி, மகப்பேற்று உதவி, களஞ்சியம் ஆகியவற்றை வைத்து யாரும் மேடைப்பேச்சு நிகழ்த்துவதில்லை என்பதால், பித்தப்பை மட்டும் பிழைத்துக்கொண்டது.

அந்நூலின் இன்னொரு பகுதி இதைவிடச் சுவையானது. நாடு திரும்பிய சில ஆண்டுகளிலேயே மன்னன் போருக்குத் துடிக்கத் தொடங்குகிறான். இப்போது போகலாமா என்று மீண்டும் மீண்டும் ஃபான் லியிடம் கேட்கிறான். இன்னும் இல்லை என்ற விடையே வருகிறது. வூ மன்னன் இன்பத்தில் மூழ்கிவிட்டான் என்கிறான். காலம் கனியவில்லை என்கிறார். வூ நாட்டின் நல்ல அமைச்சரே கொல்லப்பட்டுவிட்டார் என்கிறான், அப்போதும் இல்லை. கடைசியில் வூ நாட்டு வயல்களில் நண்டுகள் விதைநெல்கூட மிஞ்சாமல் தின்றுவிட்டன என்ற செய்தியோடு வருகிறான். வானத்தின் குறி தெரிந்துவிட்டது, மனிதர் பக்கத்துக் காரணம் இன்னும் முழுமையாகவில்லை என்று ஃபான் லி சொல்ல, நீர் என்னை ஏய்க்கிறீரா என்று மன்னன் சினந்துவிடுகிறான். ஆகவே அந்தப் பொறுமை மன்னனிடம் இருந்ததைவிட, அவனுக்கு மறுப்புச் சொல்லும் உரிமை பெற்றிருந்த ஒருவரிடம் இருந்தது என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.

கரிசல்மண்

நல்ல தொடக்கம். எனினும் வெற்றியின் காரணத்தை யுவேயின் பக்கத்தில் மட்டும் தேடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஃபுச்சாய் கி.மு. 486இல் யாங்சி ஆற்றையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்டத் தொடங்கியது வடக்கே படைகளையும் தானியத்தையும் கொண்டு செல்வதற்காகவே. தெற்கே யுவேயை முடித்துவிடுங்கள் என்று மீண்டும் மீண்டும் எச்சரித்த வூ ஸீஷூவுக்கு கி.மு. 484இல் வாளை அனுப்பித் தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டான். கி.மு. 482இல் வட நாட்டு மன்னர்களிடையே தலைமை கோரி, தேர்ந்த படைகளை எல்லாம் அழைத்துக்கொண்டு ஹுவாங்சி மாநாட்டுக்குப் போனபோதுதான் யுவே படை வூ தலைநகருக்குள் நுழைந்து பட்டத்து இளவரசனைப் பிடித்தது. எதிரி இத்தனை தவறுகள் செய்யாமல் இருந்திருந்தால், களஞ்சியம் எவ்வளவு நிறைந்திருந்தாலும் கோவ்ஜியான் குவைஜியில் கிழவனாகிச் செத்திருப்பான். நாம் பொறுமையைப் போற்றும்போது, தற்செயலுக்கு உரிய பங்கையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்று அஞ்சுகிறேன். பொறுத்திருந்தும் ஒன்றும் கிடைக்காதவர்களின் கதையை எந்த அரசவை எழுத்தரும் எழுதி வைக்கவில்லை.

நெய்தல்வாசி

தற்செயல் என்று முழுவதையும் சொல்ல முடியாது, கரிசல்மண் அவர்களே. வூ ஸீஷூவைப் பற்றி ஃபுச்சாயிடம் கோள் சொன்ன போ பி, குவைஜியில் வென் ஜொங் கொடுத்த கையூட்டை வாங்கிய அதே ஆள். எதிரியின் தவறுகளில் சிலவற்றை யுவே காசு கொடுத்து வாங்கியிருந்தது. கி.மு. 482க்குப் பிறகு நடந்ததும் கவனிக்கத் தக்கது: தலைநகரை எரித்தும் யுவே அப்போதே வூவை விழுங்க முற்படவில்லை, தன் வலிமை அதற்குப் போதாது என்று கணித்துச் சமாதானத்துக்கு இசைந்தது. கி.மு. 475இல் முற்றுகை தொடங்கி, கி.மு. 473இல்தான் ஃபுச்சாய் தற்கொலை செய்துகொண்டான். அந்தக் கடைசி முற்றுகையின்போது வூ தூதன் மண்டியிட்டுக் கெஞ்ச, கோவ்ஜியான் மனமிளகி இசையப் பார்த்தான். 22 ஆண்டு திட்டமிட்டதை ஒரு காலையில் எறிந்துவிடுவதா என்று கேட்டு அதையும் ஃபான் லிதான் தடுத்தார்.

மாலைவாசகி

மன்னனுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பவர்கள் பொறுமை காக்கும் செய்தி கோவ்ஜியானுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பும் இருக்கிறது. ஜின் நாட்டு இளவரசன் சோங்அர், தந்தையின் இளைய மனைவி செய்த சூழ்ச்சியால் கி.மு. 655இல் நாட்டை விட்டு ஓடினான். 19 ஆண்டுகள் நாடு நாடாக அலைந்து, கி.மு. 636இல் திரும்பி அரியணை ஏறினான். ஷீஜியின் கணக்குப்படி அப்போது அவனுக்கு வயது 62. இந்த அளவுக்குச் சொன்னால் அவனை இரும்பு மனிதன் என்றே எண்ணத் தோன்றும்.

ஸோ ஜுவான் என்னும் பழைய வரலாற்று நூல் காட்டும் சோங்அர் அப்படிப்பட்டவன் அல்லன். வெய் நாட்டு எல்லையில் பசியால் ஓர் உழவனிடம் உணவு கேட்க, அவன் மண்கட்டியை எடுத்துக் கொடுக்கிறான். இளவரசன் சாட்டையை ஓங்குகிறான். உடன் வந்த தாய்மாமன் ஹூ யான், மண் கிடைப்பது நாடு கிடைக்கப்போவதன் அறிகுறி என்று சொல்லி, வணங்கி அந்த மண்ணை வாங்கி வண்டியில் ஏற்ற வைக்கிறார். பிறகு ச்சி நாட்டை அடைகிறார்கள். அங்கே பெருமன்னன் ஹுவான் பெண் கொடுத்து, இருபது தேர்களுக்கான குதிரைகளும் கொடுக்கிறான். சோங்அர் அங்கேயே தங்கிவிடத் தீர்மானிக்கிறான். துன்பத்தில் நிலைத்து நிற்பது ஒன்று, வசதி கிடைத்த பிறகு குறிக்கோளை நினைவில் வைப்பது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கூட வந்தவர்கள் மல்பெரி மரத்தடியில் கூடி, அவனை எப்படிக் கிளப்புவது என்று ஆலோசிக்கிறார்கள். மரத்தின் மேல் இலை பறித்துக்கொண்டிருந்த பணிப்பெண் அதைக் கேட்டு அவனுடைய மனைவியிடம் சொல்ல, திட்டம் வெளியே கசியாமல் இருக்க அந்த மனைவி பணிப்பெண்ணைக் கொன்றுவிடுகிறாள். பிறகு கணவனைப் புறப்படச் சொல்கிறாள், அவன் மறுக்கிறான், அவளும் ஹூ யானும் சேர்ந்து அவனைக் குடிக்க வைத்து, மயங்கிய நிலையில் வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். விழித்தெழுந்த இளவரசன் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு தாய்மாமனைத் துரத்துகிறான்.

ஆகவே விடாமுயற்சியின் நாயகர்கள் என்று நாம் பட்டியலிடுகிறவர்களில் ஒருவர், குடிபோதையில் தூக்கிச் செல்லப்பட்டு நாயகரானவர். பெயர்கூடப் பதிவாகாத அந்தப் பணிப்பெண்ணின் உயிர் யார் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதையும் இந்த இழையில் யாராவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன், நானே கேட்டுவிடுகிறேன்.

பழையதாள்

இருவர் சொன்னதையும் ஏற்றுக்கொண்டு ஓர் எதிர்ச்சான்று தருகிறேன். மேலே நாம் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கும் ஷீஜியை எழுதிய சீமா சியானுக்கு ஃபான் லியும் இல்லை, ஹூ யானும் இல்லை.

கி.மு. 99இல் தளபதி லீ லிங் 5,000 காலாட்படையினருடன் சென்று வடபுல நாடோடி மக்களான சியோங்னுக்களின் பெரும்படையிடம் சிக்கிச் சரணடைந்தபோது, அரசவையே அவரைத் தூற்றியது. நெருங்கிய நட்பு எதுவும் இல்லாதிருந்தும் சீமா சியான் அவருக்காகப் பரிந்து பேசினார். ஹான் பேரரசர் வூதி அதை இன்னொரு தளபதியின் மீதான மறைமுகப் பழியாகக் கொண்டு சினந்தார். தீர்ப்பு மரணத்துக்குரியதாக அமைந்தது. பணம் கட்டித் தப்பலாம் என்ற வழி அக்காலச் சட்டத்தில் இருந்தது. அவரிடம் பணம் இல்லை. நண்பர்களில் ஒருவர்கூட உதவ வரவில்லை என்று ரென் ஆன் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். எஞ்சிய வழி ஆண்மை நீக்கத் தண்டனையை ஏற்று உயிர் பிழைப்பது. அக்காலத்து மதிப்பில் அதற்குச் சாவு மேல். மானமுள்ளவர் தற்கொலை செய்துகொள்வார் என்பதே எல்லோரும் எதிர்பார்த்தது. நூல் முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் உயிரோடு இருக்கத் தீர்மானித்தார். ஒரு நாளில் குடல் ஒன்பது முறை முறுகுகிறது என்றும், அந்த அவமானம் நினைவுக்கு வரும்போதெல்லாம் முதுகு வியர்த்து உடை நனைகிறது என்றும் அவர் எழுதும் வரிகளில் ஆறுதல் என்பது கிடையாது. பொறுமை மனத்துக்கு அமைதி தரும் என்று சொல்கிறவர்கள் அந்தக் கடிதத்தை ஒரு முறை படித்துவிட்டுப் பேசலாம். 130 அத்தியாயங்கள், அவரே எண்ணிச் சொன்னபடி 5,26,500 எழுத்துகள். இவ்வளவும் அந்த வியர்வையோடு முடிக்கப்பட்டவை.

மாலைவாசகி

பழையதாள் ஐயா, அவர் தனியராக நின்றார் என்பதில் எனக்குச் சிறு ஐயம் உண்டு. அந்த நூலைத் தொடங்கியவர் அவருடைய தந்தை சீமா டான். கி.மு. 110இல் இறக்கும் தறுவாயில் மகனின் கையைப் பற்றி அழுது, தம் பணியை முடிக்கும்படி கேட்டுக்கொண்டதாக சீமா சியானே நூலின் இறுதி அத்தியாயத்தில் பதிவு செய்திருக்கிறார். நூல் உடனே வெளிவரவும் இல்லை. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் யாங் யுன் காலத்தில்தான் அது பலர் கைக்குச் சென்றது. எழுதிய கை ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் ஒரு குடும்பம் இருந்தது.

ஆற்றுமணல்

நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், மன்னர்களை விட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் வருகிறேன். சிச்சுவானில் மின் ஆறு மலையிலிருந்து செங்து சமவெளிக்குள் இறங்கும் இடத்தில், கி.மு. 256ஐ ஒட்டிய ஆண்டுகளில் சின் அரசின் ஆளுநர் லீ பிங் அமைத்த துஜியாங்யென் பாசன அமைப்பு இன்றும் நீர் பாய்ச்சுகிறது; 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆற்றின் குறுக்கே அணை கட்டாமல், நடுவே மீன் வாய் வடிவில் ஒரு பிரிகரை அமைத்து ஓட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். உள் கிளையைச் சமவெளிக்குத் திருப்ப மலையின் ஒரு மூலையை வெட்ட வேண்டியிருந்தது. வெடிமருந்து இல்லாத காலம். பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றி விரிசல் விழச் செய்து, விரிசலில் உளி வைத்துப் பெயர்த்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அப்படித் திறந்த வாய்க்கு இன்று ‘விலைமதிப்பற்ற குடுவையின் கழுத்து’ என்று பெயர். பிரிகரையோ மூங்கில் பின்னிய நீண்ட கூடைகளில் கூழாங்கல் நிரப்பி அடுக்கியது. மூங்கில் சில ஆண்டுகளில் மட்கிவிடும் என்பது கட்டியவர்களுக்குத் தெரியும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கோடுதான் கட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்கே ஆண்டுதோறும் நடந்துவந்த பராமரிப்பு. குளிர்காலத்தில் நீர் குறையும்போது மூன்று கால் மரச்சட்டங்களை நிறுத்தி, பாயும் களிமண்ணும் வைத்து ஒரு கிளையை அடைத்து, படுகையில் படிந்த மணலையும் கல்லையும் அள்ளுவார்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவது என்ற சண்டை எந்த ஊர் வாய்க்காலிலும் வரும். அதைத் தீர்க்கப் படுகைக்கு அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்தார்கள். மண்வெட்டி இரும்பில் பட்டால் போதும், அதற்குக் குறைவாக நிறுத்தக்கூடாது. படுகையை ஆழமாகத் தூர்வாரு, கரையைத் தாழ்வாகக் கட்டு என்னும் பொருளுடைய ஆறெழுத்து வாசகம் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. லீ பிங் இறந்த பிறகு, சின் அழிந்து, ஹான் அழிந்து, அடுத்தடுத்து வந்த அரசுகளும் அழிந்த பிறகும், அடுத்த குளிர்காலத்தில் யாரோ கூடையோடு இறங்கினார்கள். நெய்தல்வாசி அவர்கள் கேட்ட கேள்விக்கு என் விடை அதுதான்: பொறுமையை ஆளிடம் ஒப்படைக்காமல் ஆண்டுக் கடமையாக ஆக்கிவிட்டார்கள்.

கரிசல்மண்

ஆற்றுமணல் ஐயா பாசனத்தைத் தொட்டதால் ஜெங் குவோ என்ற பொறியாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சின் அரசை எதிர்த்து நிற்க முடியாத ஹான் சிற்றரசு (பிற்காலத்து ஹான் பேரரசு வேறு) அவரை ஒற்றராக அனுப்பியது. பெருங்கால்வாய் ஒன்றை வெட்டச் சொல்லி ஆசை காட்டினால், ஆளும் பொருளும் அதிலேயே கரைந்து, சின் படையெடுப்பை மறந்துவிடும் என்பது திட்டம். கி.மு. 246இல் வேலை தொடங்கியது. இடையில் குட்டு வெளிப்பட்டுக் கொல்லப் போனபோது, நான் ஒற்றனாக வந்தது உண்மை, ஆனால் கால்வாய் முடிந்தால் நன்மை உங்களுக்குத்தான் என்று அவர் வாதிட்டார். சின் அதை ஏற்று, அவரையே வைத்து முடித்தது. 300 லீக்கு (லீ என்பது பண்டைச் சீனத் தொலைவு அளவு) மேல் நீளமுள்ள அந்தக் கால்வாய் உவர்நிலத்தை விளைநிலமாக்கியது என்றும், பிறகு பஞ்சம் இல்லாமல் போய் சின் எல்லா நாடுகளையும் வென்றது என்றும் ஷீஜி எழுதுகிறது. முதலில் விழுந்தது ஹான் சிற்றரசுதான், கி.மு. 230இல்.

நீண்ட காலத் திட்டம் ஒரு நாட்டைச் சோர்வடையச் செய்யும் என்று கணித்தவர்கள் தோற்றார்கள். ஆனால் அதே சின், பெருஞ்சுவரையும் பேரரசனின் கல்லறையையும் கட்டக் குடிகளை இடைவிடாமல் வேலை வாங்கி, ஒன்றிணைத்த 15 ஆண்டுகளில் சரிந்தது. இரண்டிலும் விடாமுயற்சிக்குக் குறைவில்லை. கால்வாய் வெட்டியவனின் வயலுக்குத் தண்ணீர் வந்தது. சுவர் கட்டியவனுக்கு என்ன வந்தது என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

பழையதாள்

இழை மன்னர்களை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது, மகிழ்ச்சிதான். தனித்து நின்றவர் என்று நான் சொல்ல நினைத்த இன்னொருவர் இருக்கிறார். கி.மு. 100இல் சியோங்னுக்களிடம் தூது சென்ற சூ வூ, உடன் வந்தவரின் சதியால் சிறைப்பட்டு, பணிய மறுத்து 19 ஆண்டுகள் அங்கே கழித்தார். நிலவறையில் அடைத்து உணவை நிறுத்தியபோது பனியையும் கம்பளி மயிரையும் சேர்த்து விழுங்கினார். வடகடல் என்று ஹான் வரலாறு சொல்லும், பைக்கால் ஏரி எனக் கருதப்படும் இடத்துக்கு அனுப்பி, கிடாய்கள் பால் கறந்தால் திரும்பலாம் என்றார்கள். காட்டெலிகள் சேர்த்து வைத்த விதைகளைத் தோண்டித் தின்றார். தூதுக்கோலை ஊன்றியே ஆடு மேய்த்ததில் அதன் குஞ்சங்கள் எல்லாம் உதிர்ந்தன. நான் மேலே சொன்ன அதே லீ லிங், சரணடைந்த பின் அவரிடம் அனுப்பப்பட்டு, உன் தாய் இறந்துவிட்டாள், மனைவி மறுமணம் செய்துகொண்டாள், உடன்பிறந்தோர் அரசனின் கோபத்தால் தற்கொலை செய்துகொண்டனர், யாருக்காக இந்தப் பிடிவாதம் என்று கேட்டார். சூ வூ அசையவில்லை.

மாலைவாசகி

சூ வூவின் மறுப்பு அவருடையதே. அதில் பங்கு கேட்க எனக்கு மனம் வராது. ஆனால் அவர் எப்படி உயிரோடு இருந்தார் என்பதையும் ஹான் வரலாறு சொல்கிறது. வலை முடையவும் வில் செப்பனிடவும் அவருக்குத் தெரியும் என்பதால், அங்கே வேட்டைக்கு வந்த சியோங்னு இளவரசன் ஒருவன் சில ஆண்டுகள் உணவும் உடையும் கொடுத்தான். லீ லிங், தாமே கொடுக்க வெட்கப்பட்டு, தம் மனைவியின் பெயரில் மாடுகளையும் ஆடுகளையும் அனுப்பினார். விடுதலையும் தானாக வரவில்லை. சூ வூ இறந்துவிட்டார் என்று சியோங்னுக்கள் பொய் சொன்னபோது, அவரோடு சிறைப்பட்டிருந்த சாங் ஹுய் இரவில் ஹான் தூதரைச் சந்தித்து, பேரரசரின் தோட்டத்தில் வீழ்த்தப்பட்ட வாத்தின் காலில் சூ வூவின் கடிதம் கட்டியிருந்தது என்று சொல்லும்படி யோசனை கொடுத்தார். அந்தக் கதைதான் அவரை விடுவித்தது. கி.மு. 81இல் தலைநகர் சாங்ஆன் திரும்பினார். நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு போனவருடன் திரும்பியோர் ஒன்பது பேர்.

நெய்தல்வாசி

திரும்பிய பிறகு அவர் என்ன ஆனார் என்று இந்த இழையைப் படித்த நண்பர் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். மறு ஆண்டே, அரசவைச் சதி ஒன்றில் சிக்கி அவருடைய மகன் கொல்லப்பட்டான். சூ வூ பதவி இழந்தார். பிறகு பேரரசர் சுவான் காலத்தில் மதிப்பு மீண்டது. சியோங்னு நாட்டில் அவருக்குப் பிறந்திருந்த மகனைப் பொன்னும் பட்டும் கொடுத்து மீட்டு, பதவி தந்தார்கள். எண்பது வயதைக் கடந்து கி.மு. 60இல் இறந்தார். கி.மு. 51இல் அரண்மனை மாடத்தில் பதினொரு பெருமக்களின் உருவங்களை வரைந்து வைத்தபோது, பதினோராவதாக வரையப்பட்டவர் சூ வூ.

கோவ்ஜியானின் அமைச்சர்களுக்கு அந்த மதிப்பும் கிட்டவில்லை. ஃபான் லி வெற்றிக்குப் பின் படகேறிப் போய், துன்பத்தில் இவனோடு இருக்கலாம், இன்பத்தில் இருக்க முடியாது என்று வென் ஜொங்குக்கு எழுதினார்; பிறகு வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தார். வென் ஜொங் நோய் என்று சொல்லி அரசவைக்குப் போகாமல் இருந்தார். வூவை வீழ்த்த நீ ஏழு உபாயம் சொன்னாய், மூன்றிலேயே வென்றுவிட்டேன், மீதி நான்கை இறந்துபோன என் தந்தையிடம் போய்ச் சோதித்துப் பார் என்று சொல்லி, கோவ்ஜியான் அவருக்கு ஒரு வாளை அனுப்பினான்.